செட்டிநாட்டுக் கண்மாயில் விரால்: ராடு, ரீல், லூர் வாங்குவது எப்படி?

லூர் (உயிருள்ள இரைக்குப் பதிலாகக் கட்டும் செயற்கை இரை) போட்டு மீன் பிடிப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்கக்காரர்கள் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கும் வீடியோதான் வரும். அந்த மீனை நம் கண்மாய்களில் தேடிப் பயனில்லை. ஆனால் அங்கே பாஸ் பார்க்கும் வேலையை இங்கே விரால் பார்க்கிறது. பாசிக்கடியில் ஆடாமல் அசையாமல் கிடக்கும். தலைக்கு மேலே தவளையோ சின்ன மீனோ போனால் ஒரே பாய்ச்சல். அதனால் பாஸுக்கென்று விற்கிற சாமானில் ஒரு பகுதி நமக்கும் ஆகும். மீதி வீண் செலவு.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கை வைப்பது ரீலில். பளபளவென்று இருக்கும், சுற்றினால் சத்தமே வராது, மனசு அங்கேயே நின்றுவிடும். நான் சொல்லப்போகும் வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் தண்ணீர், அதற்கேற்ற லூர், அந்த லூரை வீசக்கூடிய ராடு, அந்த ராடுக்குப் பொருந்தும் ரீல், கடைசியாக நரம்பு (தூண்டில் நூல்). இந்த வரிசையில் வாங்கினால் எதையும் இரண்டு தடவை வாங்க வேண்டியிருக்காது.

படி 1: கண்மாயைப் பாருங்கள், ஆளைக் கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கமெல்லாம் கண்மாய் மீன்பாசியைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். குத்தகைக்காரர் கட்லா, ரோகு குஞ்சு விட்டு வளர்த்துக்கொண்டிருப்பார். அவருடைய கண்மாயில் கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு. "அண்ணே, கரையில நின்னு செத்த நேரம் லூர் போட்டுக்கிறேன், விரால் மட்டுந்தான், மாட்டுனா உங்ககிட்டயே குடுத்துடுறேன்" என்று கேட்டுப் பாருங்கள். விட்ட குஞ்சுகளை விரால் தின்பதால் சிலர் சந்தோஷமாகவே சரி என்பார்கள். விராலுக்கு விலை அதிகம் என்பதால் சிலர் முடியாது என்பார்கள். முடியாது என்றால் அடுத்த கண்மாய். கோயில் தெப்பக்குளம், ஊர் குடிதண்ணீர் எடுக்கும் ஊருணி இரண்டையும் கேட்கவே வேண்டாம். அங்கே தூண்டில் கூடாது.

அனுமதி கிடைத்ததும் உடனே வீச ஆரம்பிக்காமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். அல்லி இலை, ஆகாயத்தாமரை, கரையோரக் கோரை, தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கருவேல மரங்கள் என நம் கண்மாய்களில் வெட்டவெளித் தண்ணீர் குறைவு. செம்மண் பூமி என்பதால் மழைக்குப் பிறகு தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடக்கும். இந்த இரண்டும்தான் லூரைத் தீர்மானிக்கும்.

விரால் செவுளால் மட்டும் மூச்சு விடுகிற மீன் இல்லை. அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். பாசி இடுக்கில் ‘களக்’ என்று ஒரு சத்தம், பிறகு ஒரு வளையம் விரிந்தால் அங்கே ஆள் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியிருக்கும்போது மீன் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் மடைப்பக்கத்துப் பள்ளத்துக்கு வடியும்போது மீனும் அங்கே ஒதுங்கும். லூர்காரர்களுக்கு அதுதான் நல்ல காலம். அதற்குப் பிறகு தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா அறிவித்துவிட்டால், ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கிவிடும். அதன்பின் உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொன்று. தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சளாகக் குஞ்சுகள் கொத்தாகக் கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால், அடியில் பெற்ற விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் எது விழுந்தாலும் அது கடிக்கும். அதனால்தான் சிலர் தேடிப்போய் அங்கேயே வீசுகிறார்கள். தாயைத் தூக்கிவிட்டால் குஞ்சு மொத்தமும் மற்ற மீன்களுக்குத் தீனி. அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 2: முதல் லூர் தவளைதான்

கடைப் பெட்டியில் நூறு வகை லூர் மின்னும். மீன் வடிவ கிராங்க்பெய்ட், மினோ எல்லாம் பார்க்க அழகு. வயிற்றிலும் வாலிலும் மும்முள் (மூன்று முனைத் தூண்டில் முள்) தொங்கும். அவற்றை அல்லிக்குளத்தில் வீசினால் முதல் வீச்சிலேயே இலையும் தண்டும் கொத்தாக வரும். இரண்டாவது வீச்சில் லூரே கருவேல வேரில் தங்கிவிடும். இங்கே ஆரம்பிக்க ஒரே லூர், உள்ளே காலியாக இருக்கும் ரப்பர் தவளை.

ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதியிலிருந்து இரட்டை முள் கிளம்பி, இரண்டு பக்கமும் வளைந்து, நுனி இரண்டும் முதுகின் மேல் ஒட்டிப் படுத்திருக்கும். முனை மேல்நோக்கி ரப்பரோடு ஒட்டியிருப்பதால் பாசி மேல் இழுத்தாலும் மாட்டாது. விரால் கவ்வும்போது உடம்பு நசுங்கும், அப்போதுதான் முள் வெளியே தலைகாட்டும். எனவே சோதனை எளிது: கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலும் கீழுமாக அமுக்குங்கள். லேசான அமுக்கலிலேயே இரண்டு நுனியும் தெளிவாக வெளியே வர வேண்டும். கல் மாதிரி இருந்தால் மீன் கவ்வும், துப்பும், உங்களுக்குச் சத்தம் மட்டும் மிஞ்சும். வாங்கிய பிறகு தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டுப் பிசையலாம். குறட்டால் இரு முள்ளையும் துளி வெளிப்பக்கம் விரித்துவிடலாம். அதிகம் விரித்தால் பாசி மாட்ட ஆரம்பிக்கும்.

எடை 10 முதல் 15 கிராம் வரை போதும். இன்னும் சின்னது அழகாக மிதக்கும், ஆனால் பழகாத கைக்குத் தூரம் போகாது. பின்னால் தொங்கும் ரப்பர் நூல்கால்கள் மிக நீளமாக இருந்தால் கொஞ்சம் கத்தரியுங்கள், வீச்சும் கூடும், காலை மட்டும் கவ்விவிட்டுப் போகிற ஏமாற்றும் குறையும். நிறத்துக்காக ரொம்ப யோசிக்க வேண்டாம். கலங்கல் தண்ணீருக்கும் விடியற்காலைக்கும் கறுப்பு. தெளிந்த தண்ணீருக்குப் பச்சையோ பழுப்போ. இரண்டு தவளை வாங்குங்கள், மூன்றாவது தேவையில்லை.

மிச்ச லூர்களில் ஒன்றுக்கு மட்டும் இடம் தரலாம்: ஸ்பின்னர்பெய்ட். தகடு சுழன்று அதிர்வு தரும் என்பதால் கலங்கல் தண்ணீரில், பாசிக்கும் பாசிக்கும் நடுவே உள்ள சந்துகளில் எடுபடும். கிராங்க்பெய்ட் ஆசை இருந்தால் கலுங்கு பக்கம் பாசியில்லாத ஆழத் தண்ணீர் கிடைக்கும்வரை பொறுங்கள்.

படி 3: ராடு

இப்போது கையில் 10 முதல் 15 கிராம் தவளை இருக்கிறது. ராடின் கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் லூர் எடை அச்சிட்டிருக்கும். உங்கள் தவளை அந்த வரம்புக்கு நடுவில் விழ வேண்டும். 7 முதல் 28 கிராம் என்றிருந்தால் சரி. அவுன்ஸில் போட்டிருந்தால் 1 அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம்.

வலு ‘மீடியம் ஹெவி’, வளைவு ‘ஃபாஸ்ட்’. வலு என்பது ராடு எவ்வளவு தாங்கும் என்பது. வளைவு என்பது எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃபாஸ்ட் ராடில் மேல்பகுதி மட்டும் வளையும், நடுவும் அடியும் விறைப்பாக நிற்கும். பாசிக்குள் கவ்விய விராலை வெட்டி இழுக்க அந்த விறைப்பு வேண்டும். அடிவரை வளைகிற மெல்லிய ராடு கெண்டைக்கும் ஜிலேபிக்கும் சுகம். விராலுக்கு அது ஆகாது: அது வளைந்து முடிப்பதற்குள் மீன் தண்டைச் சுற்றிப் படுத்துவிடும்.

நீளம் ஆறரை அடியிலிருந்து ஏழு அடி. கரையில் பின்னால் சீமைக்கருவேல் நிற்கும் இடங்களில் ஆறரைதான் வசதி. பஸ்ஸிலோ டூவீலரிலோ போகிறவர்கள் இரண்டு துண்டு ராடு வாங்குங்கள். ஆன்டெனா போல நீட்டி மடக்கும் ராடுகள் மலிவுதான், ஆனால் தவளையைப் பாசியிலிருந்து இழுக்கும் பலம் அவற்றில் இருக்காது. வாங்குமுன் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சைச் சுற்றி எடுங்கள். பஞ்சு பிசிறு ஒட்டினால் அங்கே விரிசல். நரம்பை அது அறுத்துக்கொண்டே இருக்கும்.

படி 4: ரீல்

ஸ்பின்னிங் ரீல், அளவு 3000. இவ்வளவுதான் பதில். பெரிய பாஸ்காரர்கள் பிடிக்கும் பெய்ட்காஸ்டர் (சுழலும் நரம்பு உருளையைக் கட்டைவிரலால் அடக்கி வீசும் ரீல்) நல்ல கருவிதான், ஆனால் கட்டைவிரல் பழகும்வரை வீச்சுக்கு ஒரு சிக்கு விழும். அதை அவிழ்ப்பதிலேயே காலை நேரம் போய்விடும்.

பெட்டியில் போட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கையை நம்பி விலை கொடுக்காதீர்கள். டிராக்கைப் பாருங்கள், மீன் பலமாக இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி அது. திருகைப் பாதி இறுக்கி, ஸ்பூல் என்ற நரம்பு உருளையிலிருந்து நரம்பை மெதுவாக இழுத்தால் ஒரே சீராக வர வேண்டும், விட்டுவிட்டு வெட்டினால் வேண்டாம். பிறகு கைப்பிடியைப் பின்பக்கம் தள்ளிப் பாருங்கள், ஆட்டம் கொடுத்தால் அதுவும் வேண்டாம். ராடுக்கும் ரீலுக்கும் பணம் பிரிக்க வேண்டிய நிலை என்றால் என் ஓட்டு ராடுக்குத்தான். ராடில் ரீலை மாட்டி, பிடித்துப் பார்த்து, தலைப்பக்கம் தொங்காமல் மணிக்கட்டு சும்மா இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

படி 5: நரம்பு

சாதா நைலான் நரம்பு ரப்பர் மாதிரி நீளும். இங்கே நீங்கள் இழுக்க, அங்கே முள் ஏறாது. பிரெய்டு (பல இழை சேர்த்துப் பின்னிய நரம்பு) வாங்குங்கள், தாங்கும் பலம் 30 முதல் 40 பவுண்டு, நூறு மீட்டர் போதும். நாலு இழைப் பிரெய்டு சொரசொரப்பாக இருந்தாலும் பாசியை அறுத்துக்கொண்டு வரும், விலையும் குறைவு. தவளையை நேரே பிரெய்டில் கட்டலாம், பாலோமர் முடிச்சு போதும். இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள்.

ஸ்பூலில் நேரடியாகப் பிரெய்டைச் சுற்றினால் உலோகத்தின் மேல் வழுக்கி, மீன் மாட்டியதும் மொத்தச் சுற்றும் சும்மா சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் பலருக்கு உண்மையில் இதுதான் கோளாறு. முதலில் பழைய நைலானைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி, அதன் முனையில் பிரெய்டைக் கட்டுங்கள். ஈரத்துணிக்குள் விட்டு இறுக்கமாகச் சுற்றி, ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள்.

படி 6: கரையில்

ஷூ போடுங்கள், கரைப் புதரில் விரியன் இருக்கும். நீள மூக்குக் குறடு, கத்தரி, ஒரு ஈரத் துண்டு, இவ்வளவு சாமான் போதும்.

தவளையை நேராக மீன் மேல் போடாதீர்கள். சத்தம் வந்த இடத்தைத் தாண்டிப் போட்டு, இலை மேல் ஏற்றி, தட்டித் தட்டி இழுத்து, இலை முடிகிற சந்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும். தண்ணீர் வெடித்ததுமே கை தானாக ராடைத் தூக்கும். தூக்கினால் தவளை மட்டும் பறந்து வந்து உங்கள் மேல் விழும். நரம்பு இறுகி, கனம் தெரிந்த பிறகு ராடை வெட்டித் தூக்கி, நிறுத்தாமல் சுற்றுங்கள். இந்த மீனுக்கு டிராக் நன்றாக இறுகியே இருக்க வேண்டும், ஓடவிட்டு விளையாடப் பாசியில் இடம் கிடையாது.

சின்னதாக இருந்தால் சுடுகிற கரையில் புரட்டாமல் ஈரத் துண்டால் பிடித்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தவளையை அமுக்கி உள்ளே போன தண்ணீரை வெளியேற்றிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முள் துருப்பிடிக்கும். தவளையை நிழலில் வையுங்கள், டிராக் திருகை முழுக்கத் தளர்த்தி விடுங்கள்.