ஓட்டுப் போடப் போவதில்லையா? முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் ஓட்டுப் போடாமல் இருப்பது குற்றமில்லை. போகாதவருக்கு அபராதம் கிடையாது, பட்டியலிலிருந்து பெயரும் வெட்டப்படாது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லாருடைய பெயரும் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. அதனால் செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ இருக்கும் ஒருவர், "இந்த முறை யாருக்கும் போடப்போவதில்லை" என்று சொன்னால் அது அவர் உரிமை. அதை மறுக்க இங்கே எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்த முடிவு பெரும்பாலும் அரைகுறைத் தகவலில் எடுக்கப்படுகிறது. போடாமல் இருந்தால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று தெரிந்துகொண்டு எடுப்பதே முடிவு. மற்றதெல்லாம் அன்றைய கோபம், அல்லது சோம்பல்.

நம் மௌனம் கணக்கில் ஏறும் என்று நம்புவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நம் தேர்தல் முறையில் குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்று ஒரு வரம்பே இல்லை. தொகுதியில் பாதிப் பேர் வராவிட்டாலும் வந்தவர்களில் அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி பெற்றவர்தான். "இவர்களில் யாரும் வேண்டாம்" என்ற கட்டமும் நம் வாக்குச்சீட்டில் இல்லை. 2018-ல் நாடு முழுக்க 82 விழுக்காட்டுக்கு மேல் பதிவானது. 2022 நவம்பர் 19-ல் அது 74 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. ஆனாலும் அமைந்த நாடாளுமன்றத்தின் அதிகாரம் ஒரு துளியும் குறையவில்லை.

பினாங்கிலேயே பார்க்கலாம். நிபோங் திபாலுக்குள் இருக்கும் சுங்கை பாக்காப் சட்டமன்றத் தொகுதியில் 2023 ஆகஸ்டில் பாஸ் கட்சி 1,563 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அவர்களுடைய உறுப்பினர் காலமானதால் 2024 ஜூலை 6-ல் இடைத்தேர்தல் வந்தது. வாக்குப்பதிவு 63 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது, பாஸ் கட்சியின் பெரும்பான்மையோ 4,267 ஆக உயர்ந்தது. வராதவர்கள் ஏன் வரவில்லை? விலைவாசி, வேட்பாளர், இடைத்தேர்தல் அலுப்பு, வெளியூர் வேலை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வராதவரின் காரணத்தை மற்றவர்கள்தான் எழுதுகிறார்கள். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

கட்சிகளுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைப்பதும் சரியில்லை. வாக்கு எண்ணிக்கை ‘சாலுரான்’ எனப்படும் ஒவ்வொரு வாக்களிப்பு அறையிலும் தனித்தனியாக நடந்து, போராங் 14 என்ற தாளில் ஏறி, வேட்பாளர்களின் முகவர்கள் கைக்குப் போகிறது. சாலுரான்கள் வயது வரிசையில் பிரிக்கப்படுவதால் முதல் சாலுரானில் முதியவர்களும் கடைசியில் இளையவர்களும் இருப்பார்கள். எந்தக் கம்பத்தில், எந்தத் தாமானில், எந்த வயதினர் வரவில்லை என்பதைக் கட்சிக்காரர் அந்தத் தாளை வைத்தே படித்துவிடுவார். அதோடு, வாக்களிப்பு அறைக்குள் கிராணி (எழுத்தர்) உங்கள் பெயரை உரக்க வாசிக்கும்போது அங்கே உட்கார்ந்திருக்கும் முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொள்கிறார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். வந்தீர்களா, வரவில்லையா என்பது ரகசியமில்லை.

ஆக, வராதது தெரியும், ஏன் என்பது தெரியாது. எங்கள் பார்வையில், தொடர்ந்து வராத ஒரு வட்டாரத்தைப் பார்க்கும் தேர்தல் பொறுப்பாளர், "இவர்கள் கோபமாக இருக்கிறார்கள், சமாதானப்படுத்துவோம்" என்று நினைப்பதைவிட, "இவர்களிடம் நேரம் செலவழித்துப் பயனில்லை" என்று அடுத்த தாமானுக்குப் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

தமிழர்களின் கோபம் இந்த நாட்டில் மிகத் தெளிவாகப் படிக்கப்பட்ட தேர்தல் 2008 மார்ச் 8. 2007 நவம்பர் 25-ல் இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராப் பேரணி கோலாலம்பூர்த் தெருக்களில் நடந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு 1,821 வாக்கில் தோற்றார், பினாங்கு ஆட்சி மாறியது, அவர் கட்சி அங்கம் வகித்த ஆளும் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது. அந்த மக்கள் வீட்டில் இருந்திருந்தால் சுங்கை சிப்புட் பழைய கையிலேயே இருந்திருக்கும்.

வீட்டில் இருப்பதும், சீட்டைக் கெடுப்பதும், சிறு கட்சிக்குப் போடுவதும் ஒன்றென எண்ணுவது

2018 தேர்தலுக்கு முன் ‘உண்டி ரோசாக்’ என்ற பேச்சு பலமாக எழுந்தது. வாக்களிப்பு மையத்துக்குப் போய், சீட்டை வேண்டுமென்றே செல்லாததாக்கிப் பெட்டியில் போடுவது அதன் வழி. வீட்டில் இருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. செல்லாத சீட்டுகள் எண்ணப்பட்டு, நிராகரிக்கப்பட்ட வாக்குகள் என்று முடிவோடு வெளியாகும். "வந்தேன், யாரையும் ஏற்கவில்லை" என்பதற்கு அந்த அளவுக்காவது ஒரு தடயம் இருக்கும்.

ஆனால் அந்த எண்ணிக்கையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கண் சரியாகத் தெரியாமல் இரண்டு கட்டத்தில் குறி போட்ட பாட்டியும், பதற்றத்தில் வெறும் சீட்டை மடித்துப் போட்ட புதிய வாக்காளரும், எதிர்ப்பைக் காட்ட வந்த நீங்களும் ஒரே எண்ணுக்குள் கலந்துபோகிறீர்கள்.

கெடுப்பதிலும் தவறு நேரும். அதிகாரபூர்வ முத்திரை இல்லாதது, ஒன்றுக்கு மேற்பட்ட வேட்பாளருக்குக் குறியிட்டது, வாக்காளர் யார் என்று அடையாளம் காட்டும் எழுத்து உள்ளது, எதுவும் குறிக்கப்படாதது அல்லது யாருக்கு என்று தெளிவில்லாதது ஆகிய சீட்டுகள் செல்லாது. ஓரத்தில் கோபமாக ஏதோ கிறுக்கிவிட்டு, பழக்கத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் குறி போட்டால், எண்ணம் தெளிவாக இருக்கிறது என்று அதிகாரி அந்த வாக்கை ஏற்றுக்கொள்ளக்கூடும். வேண்டாம் என்று போனவர் ஒருவருக்கு வாக்களித்துவிட்டு வருவார். யாருக்கும் வேண்டாம் என்பது உறுதியானால், எதுவும் எழுதாமல் மடித்துப் போடுவதே குழப்பமில்லாத வழி.

மூன்றாவது வழியைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. பெரிய கூட்டணிகள் இரண்டும் பிடிக்கவில்லையென்றால் சுயேச்சைக்கோ சிறு கட்சிக்கோ போடலாம். "அவர் எப்படியும் தோற்பார், வீண்" என்பார்கள். வீணான வாக்கு என்றால் செல்லாத வாக்கு அதைவிட வீண். நாடாளுமன்ற வேட்பாளர் 10,000 ரிங்கிட்டும் சட்டமன்ற வேட்பாளர் 5,000 ரிங்கிட்டும் வைப்புத்தொகை கட்டுகிறார். பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். உங்கள் வாக்கு அவர் பெயரில், அவர் சொன்ன கோரிக்கையின் பெயரில் எண்ணாக நிற்கும். அதை யாரும் திரித்துச் சொல்ல முடியாது.

சில சமயம் அவர் வெல்லவும் செய்வார். 2018-ல் செந்தூலை உள்ளடக்கிய கோலாலம்பூர் பத்து தொகுதியில் பிகேஆர் கட்சியின் தியான் சுவாவின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. அவர் கட்சிச் சின்னமே சீட்டில் இல்லை. 22 வயது சுயேச்சையான பி. பிரபாகரனை பிகேஆர் ஆதரித்தது, அவர் வென்று நாட்டின் ஆக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார். "நம்ம கட்சி நிக்கலை, நமக்கென்ன" என்று அன்று செந்தூல்காரர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை.

நாட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவது

"இரண்டு கோடிப் பேரில் என் ஒரு ஓட்டு என்ன செய்யும்?" என்ற கேள்வியே பிழை. நீங்கள் வாக்களிப்பது ஒரு தொகுதியில். அந்தத் தொகுதியின் கடைசிப் பெரும்பான்மை எத்தனை என்று பாருங்கள். 2022-ல் சிபூத்தேயில் அது 60,000-க்கு மேல். அங்கே ஒருவர் போடாமல் இருந்தால் வெற்றியாளர் மாறமாட்டார், அதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதே நாளில் பாலிக் பூலாவில் பெரும்பான்மை 1,582. பேராக்கின் பாகான் டத்தோவில் வெறும் 348. 2018-ல் பேராக்கின் தாப்பாவில் 614, பகாங்கின் கேமரன் மலையில் 597. ஒரு சில தோட்டங்களின் ஓட்டு வந்தாலே மாறிப்போகும் எண்கள் இவை.

பேராக் உதாரணங்களை வேண்டுமென்றே சொல்கிறோம். தலைநகரில் வேலை பார்த்துக்கொண்டு ஐசி-யில் (அடையாள அட்டையில்) இன்னமும் ஊர் விலாசம் வைத்திருப்பவர்கள் ஏராளம். பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு அங்குள்ள தொகுதியை நினைத்து ‘என் ஓட்டு தேவைப்படாது’ என்று முடிவெடுப்பார்கள். அவர்கள் ஓட்டு இருப்பதோ தாப்பாவில்.

எத்தனை சீட்டு என்று பார்க்காமல் விடுவது

கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் சட்டமன்றம் கிடையாது. நகராட்சித் தேர்தலும் 1960-களிலிருந்து கிடையாது, டத்தோ பண்டார் (மாநகரத் தலைவர்) நியமிக்கப்படுகிறார். 11 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றுக்குப் போடும் அந்த ஒரே சீட்டுதான் தலைநகரவாசி கையில் இருக்கும் எல்லாமே. அதையும் விட்டால் ஐந்தாண்டு வரை வேறு வாய்ப்பு வராமல் போகலாம்.

பினாங்குக்காரர்களுக்கு இரண்டு உண்டு: 13 நாடாளுமன்றத் தொகுதிகள், 40 சட்டமன்றத் தொகுதிகள். முன்பு ஒரே நாளில் நடந்தவை, கடைசியாக 2022 நவம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் தனித்தனியாக நடந்தன. மத்திய அரசின் மேல் கோபமிருந்தால் அதை மாநிலச் சீட்டில் காட்டத் தேவையில்லை. நிலம், ஊராட்சி மன்றம், கோயில் நில விவகாரம் போன்றவை மாநிலத்தைச் சேர்ந்தவை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ் மத்தியைச் சேர்ந்தவை. எந்தச் சீட்டை விடுகிறோம், எதற்காக விடுகிறோம் என்று பிரித்து யோசியுங்கள்.

பழைய காரணத்தைத் தூக்கிக்கொண்டு திரிவது

"ஜெயித்த பிறகு கட்சி தாவிவிடுவார்கள், எதற்குப் போடணும்?" 2020-ல் ஆட்சி கவிழ்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வலி நியாயமானது. ஆனால் 2022 அக்டோபர் 5 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தானாகக் கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதியை இழப்பார். கட்சியே வெளியேற்றினால் இழக்கமாட்டார், அது ஒரு பெரிய ஓட்டைதான். இருந்தாலும் 2020-ன் நிலைமையை வைத்து இன்று முடிவெடுக்கக் கூடாது.

விலாசப் பிரச்சினைக்குக் கொள்கைச் சாயம் பூசுவது

ஆழமாகக் கேட்டுப் பார்த்தால் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்பதன் பின்னால் பல நேரம் ஐந்து மணி நேரப் பயணம் நிற்கும். தானியங்கிப் பதிவு அடையாள அட்டையில் உள்ள விலாசத்தை வைத்தே நடக்கிறது. பட்டர்வொர்த் பையன் காஜாங்கில் பத்து ஆண்டு குடியிருந்தாலும், விலாசம் மாற்றாதவரை அவன் ஓட்டு பட்டர்வொர்த்தில்தான். பட்டியலில் ஏற்கெனவே பெயர் ஏறியவர்கள் ஐசி-யில் விலாசத்தை மாற்றினால் மட்டும் போதாது, தேர்தல் ஆணையத்திடம் வாக்களிக்கும் இடத்தை மாற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பலனில்லை, பட்டியல் அதற்குள் உறுதியாகியிருக்கும். இந்த மாதமே மைஎஸ்பிஆர் செமாக் செயலியில் ஐசி எண்ணைத் தட்டி எந்தத் தொகுதி என்று பாருங்கள்.

வேலை நாள் என்பதும் காரணமாகாது. வாக்களிக்கப் போதிய நேரத்தைச் சம்பளம் பிடிக்காமல் கொடுப்பது முதலாளியின் சட்டபூர்வக் கடமை. வெளிநாட்டில் இருப்பவர்களும் சில பணிகளில் இருப்பவர்களும் அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம். அதன் கெடு சீக்கிரம் முடிந்துவிடும்.

போடாமலிருக்கப் பணம் வாங்குவது

ஒருவருக்குப் போடப் பணம் வாங்குவது லஞ்சம் என்று எல்லாருக்கும் தெரியும். போடாமல் இருக்க வாங்குவதும் அதே லஞ்சம்தான். 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது, வாங்கியவருக்கும் சேர்த்துத்தான். அன்று காலை "ஐசி-யைக் கொடுங்க, சாயந்திரம் தர்றோம்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சங்கத் தலைவரோ வீட்டுப் பெரியவரோ "நம்ம ஆளுங்க யாரும் போகக்கூடாது" என்று மிரட்டினால் அதுவும் குற்றம். உங்கள் மனைவி, பிள்ளைகள் சார்பில் நீங்கள் முடிவெடுப்பதும் நியாயமில்லை.

அறைக்குள் போன பிறகு

எதிர்ப்பு என்று நினைத்துச் சீட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். வாக்குச்சீட்டை மையத்திலிருந்து எடுத்துப்போவது குற்றம். அது திரும்பி வராத சீட்டு என்று தனிக்கணக்கில் ஏறும், வம்பு உங்களைத் தேடி வரும். செல்லாததாக்கிய சீட்டைப் படம் பிடித்து டிக்டாக்கில் போடும் ஆசையும் வேண்டாம், கைப்பேசியை மறைப்புக்குள் எடுத்துப் போகவே அனுமதியில்லை.

மறைப்புக்குள் நின்றபிறகு மனம் மாறுவதும் உண்டு. இடது ஆள்காட்டி விரலில் மை காய்ந்துகொண்டிருக்கும், பெயர்களைப் பார்த்ததும் "சரி, இவருக்குப் போடலாம்" என்று தோன்றும், ஆனால் கை அதற்குள் வேறு கட்டத்தில் கோடு இழுத்திருக்கும். அடித்துத் திருத்தாதீர்கள். சீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன் நேராக அந்த அறையின் தலைமை அதிகாரியிடம் கொடுத்து, தவறுதலாகக் கெட்டுவிட்டது என்று சொல்லுங்கள். அதை வாங்கிக்கொண்டு புதிய சீட்டு கொடுக்க விதியில் இடமிருக்கிறது.