‘அப்பாவி’ என்று எழுதுவதில் என்ன தவறு? எச்.ஐ.வி. செய்திகளில் நாம் சறுக்குகிற இடங்கள்

ஒரு நாளிதழின் டெஸ்க்கில் சில வருஷம் உட்கார்ந்து, நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எச்.ஐ.வி. பற்றிய செய்திகளைக் கெட்ட எண்ணத்தோடு எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இரக்கப்பட்டு எழுதியதுதான் பல நேரம் வினையாக முடிந்தது.

முதலில் இந்த ‘அப்பாவி’யை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது தெரியவந்தபோது நாடே பதறியது. பதறவேண்டிய விஷயம்தான். ஆனால் ‘ஒரு தவறும் செய்யாத அப்பாவிப் பெண்’ என்று எழுதினால், மற்ற எல்லோரும் ஏதோ தவறு செய்து இதை வாங்கிக்கொண்டவர்கள் என்பது எழுதாமலேயே வாசகருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடக் கூடாதே என்று தகவல் சொன்னதே அவர் தரப்புதான். பரிசோதனையில் கோட்டை விட்டது ரத்த வங்கி. கதையில் ஒரு அப்பாவி இருந்தால் ஒரு குற்றவாளியும் வேண்டுமே, அந்த இடத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்தினோம் என்று அன்றைக்கு எழுதியவர்கள் யோசித்துப் பார்க்கலாம். அந்த மாதம் முடிவதற்குள் ரத்தம் கொடுத்த அந்த இளைஞர் தற்கொலைக்கு முயன்று, மதுரையில் சிகிச்சை பலனின்றி இறந்துபோனார். செய்திதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் எழுதுவது வேறொரு தவறு.

இந்தப் பாவ புண்ணியக் கணக்கு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அப்போது மாணவியாக இருந்த நிர்மலா பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி எடுத்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். அன்றிலிருந்து நோய்க்கு அந்தப் பெண்களின் முகம் ஒட்டிக்கொண்டது. அவர்களிடம் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிய ஆண்கள் கதைக்குள் வரவே இல்லை. ரொம்ப காலம் கழித்து எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் கேட்டார்களே, அதைக் கிண்டலடித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கேள்வியை ஆண் பக்கம் திருப்பியது அந்த விளம்பரம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்தது, அழவைக்கிற கதை. உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் போதும், கணவனை இழந்த ஒரு பெண், ஊர் ஒதுக்கிய ஒரு குடும்பம், கடைசி வரியில் நமக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். இப்படி ஓர் ஆளின் துயரத்தை மட்டும் சொன்னால் வாசகர் அரசையும் மருத்துவமனையையும் கேள்வி கேட்பார் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் ஷாந்தோ அய்யங்கார் என்ற அரசியல் அறிஞர் தொலைக்காட்சிச் செய்திகளை வைத்துச் சோதித்தபோது வறுமை விஷயத்தில் நேர்மாறாக வந்தது. ஓர் ஏழையின் கதையை மட்டும் பார்த்தவர்கள் அந்த ஆளையே குறை சொன்னார்கள், வறுமையை நாட்டுப் பிரச்சினையாகக் காட்டிய செய்தியைப் பார்த்தவர்கள்தான் அரசைக் கேட்டார்கள். அதற்காக ஆட்களின் கதையை எழுதவே கூடாது என்றில்லை. அதே கதைக்குள் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையமும் வரட்டும், வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து தடையில்லாமல் கிடைக்கிறதா என்பதும் வரட்டும், வேலையை விட்டு நிறுத்தியவரிடம் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு அவர் சொன்ன பதிலும் வரட்டும். இந்தக் கடைசிக் கேள்வியை நிருபர்கள் கேட்டுவந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சொற்கள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எய்ட்ஸ் என்பது எச்.ஐ.வி. தொற்று முற்றிய நிலை; தொற்று உள்ள எல்லோரையும் ‘எய்ட்ஸ் நோயாளி’ ஆக்காதீர்கள், ‘எச்.ஐ.வி. உள்ளோர்’ என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். ‘ஆட்கொல்லி நோய்’ என்பதையும் விட்டுவிடலாம். 2004 ஏப்ரலில் இருந்து கூட்டு மருந்து இலவசம், தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில் அப்போதே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பதை இன்னும் எத்தனை செய்தியில் எழுதியிருக்கிறோம்?

அப்புறம், ‘கொசு கடித்தால் எய்ட்ஸ் வருமா?’ என்று தலைப்பு வைத்துவிட்டு, வராது என்பதை ஆறாவது பத்தியில் ஒளித்துவைப்பது. ஃபோனில் தலைப்போடு நகர்ந்துவிடுகிறவர் சந்தேகத்தைத்தான் கொண்டுபோவார். குற்றச் செய்திகளில் சம்பந்தமே இல்லாமல் நோயைச் சேர்ப்பதும் இப்படித்தான். ‘சர்க்கரை நோய் உள்ள திருடன் கைது’ என்று எழுதுவோமா? மாட்டோம் என்றால் இதையும் எழுதவேண்டாம். எச்.ஐ.வி. உள்ளோர் மீது வெறுப்பைத் தூண்டும் விதமாக எழுதுவதோ ஒளிபரப்புவதோ குற்றம் என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அது அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. சாத்தூர் சம்பவத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே.

என் சொந்தத் தவறு ஒன்று பாக்கியிருக்கிறது. வீட்டில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை. பெயரை மாற்றினோம், முகத்தை மங்கலாக்கினோம், ஊர்ப் பெயரைப் போடாமல் தாலுகாவை மட்டும் போட்டோம். படத்தில் அவர் பின்னால் ஜன்னலோரம் பச்சை பெயின்ட் அடித்த தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த பாவாடை. செய்தி வந்த நாலாம் நாள் டெஸ்க்குக்கு ஃபோன் வந்தது. தீபாவளித் துணி கொடுத்திருந்த மூன்று வீட்டுக்காரர்கள் தைக்காமலேயே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

“முகம்தான் தெரியலையேம்மா” என்றேன்.

“மெஷின் தெரியுதே சார்” என்றார்.