'குறைந்தது ஒன்றாவது' என்று கேட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

நிகழ்தகவுக் கணக்கில் 'குறைந்தது ஒரு முறையாவது' என்ற சொற்களைப் பார்த்ததும் நேராகக் கணக்குப் போட இறங்காதீர்கள், ஒரு முறைகூட நடக்காமல் போக என்ன வாய்ப்பு என்று கண்டுபிடித்து அதை 1-லிருந்து கழித்துவிடுங்கள்.

ஒரு பகடையை 4 முறை உருட்டுகிறோம், ஒரு தடவையாவது 6 விழ வேண்டும். நிறையப் பேர் 1/6-ஐ நான்கு தடவை கூட்டி 4/6 என்று எழுதுகிறார்கள். தப்பு. அப்படிக் கூட்டினால் 6 முறை உருட்டும்போது விடை 1 வரும், அதாவது 6 விழுந்தே தீரும் என்றாகிவிடும், ஆனால் ஆறு முறை உருட்டியும் 6 விழாமல் போவதற்குக் கிட்டத்தட்ட 33% வாய்ப்பு இருக்கிறது! சரி, எதிர்ப்பக்கம் பார்ப்போம்: ஓர் உருட்டலில் 6 வராமலிருக்க 5/6, நான்கையும் பெருக்கினால் 625/1296, கழித்தால் 671/1296, சுமார் 0.518.

அப்புறம் ஒன்று, இதுதான் தேர்வில் அதிகம் காலை வாரும். பையிலிருந்து எடுத்த பந்தைத் திரும்பப் போடவில்லை என்றால் பின்னம் ஒவ்வொரு முறையும் மாறும். 5 சிவப்பு, 3 நீலத்தில் இரண்டு எடுத்தால், நீலமே வராமலிருக்க 5/8 × 4/7 = 5/14, ஒரு நீலமாவது வர 9/14.