தியேட்டர் பூட்டிக் கிடந்தாலும் சேர்ந்து படம் பார்க்கலாம்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தியேட்டர்களும் பூட்டுப்பட்டபோது நாங்கள் நான்கு பேர் நான்கு இடத்தில் இருந்தோம். நான் திருகோணமலை உவர்மலையில், ஒருவன் நிலாவெளியில், ஒருவன் கிண்ணியாவில், மற்றவன் டொரன்டோவில். வாட்ஸ்அப் குழு அழைப்பில் அப்போது நான்கு பேர்தான் சேரலாம் என்பதால் கணக்குச் சரியாக இருந்தது (இப்போது 32 பேர் வரை சேரலாம்). கோலைப் போட்டுவிட்டு அவரவர் வீட்டில் அதே படத்தைத் தொடங்கினோம். கிண்ணியாக்காரனுக்குப் பத்து வினாடி முந்தி ஓடியது. பகிடி எங்களுக்கு வருவதற்குள் அவன் சிரித்து முடித்துவிடுவான், பிறகு நாங்கள் சிரிக்கும்போது "என்னடா இப்ப சிரிக்கிறீங்கள்" என்பான். அரை மணித்தியாலத்தில் அவனை மியூட் பண்ணிவிட்டோம்.

ஆகவே முதலில் நேரத்தை ஒன்றாக்குங்கள். எல்லாரும் படத்தைத் திறந்து, விளம்பரம் இருந்தால் ஓடவிட்டு, சரியாக 0:30 இல் நிறுத்தி வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் "மூன்று, இரண்டு, ஒன்று, போடு" என்று சொல்லட்டும், இரண்டு பேர் எண்ணினால் குழப்பம்தான். படத்தின் மொத்த நீளம் எல்லாரிடமும் ஒன்றா என்றும் பாருங்கள், ஒருவரிடம் வெட்டிய பிரதி இருந்தால் எவ்வளவு எண்ணியும் பிரயோசனமில்லை.

எண்ணப் பஞ்சி என்றால் அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. முதலில் நெட்ஃபிளிக்ஸ் பார்ட்டி என்று இருந்து 2020 இல் பெயர் மாறிய டெலிபார்ட்டி, கணினியில் குரோம் அல்லது எட்ஜ் உலாவியோடு சேர்த்துப் போடும் எக்ஸ்டென்ஷன். ஒருவர் நிறுத்தினால் எல்லாருக்கும் நிற்கும், ஆனால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற படம் ஓடும் தளத்தில் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணக்கு வேண்டும். யூடியூப் படமென்றால் வாட்ச்டுகெதர் போதும், இணைப்பை அனுப்பினால் சரி. படக் கோப்பு எல்லாரிடமும் இருந்தால் சின்க்பிளே. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் படம் அவரவர் கணினியிலேயே ஓடுகிறது, இணையத்தில் போவது நேரக் கணக்கு மட்டும். லைன் இழுபறியாக இருக்கும் வீட்டுக்கும் தாங்கும்.

ஸ்கிரீன் ஷேர் பண்ணிக் காட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் நகல் தடுப்பு இருப்பதால் பெரும்பாலும் மற்றவர்களுக்குக் கறுப்புத் திரைதான் தெரியும், இலவச சூமில் 40 நிமிடத்தில் கூட்டமே கலைந்துவிடும். அதற்கும் மேல், காட்டுபவரின் லைன் திக்கினால் எல்லாருக்கும் திக்கும்.

படம் லேப்டொப்பில் அல்லது டிவியில், கதைப்பது போனில். இரண்டையும் ஒரே போனில் செய்யப் போனால் படச் சத்தம் அமுங்கிவிடும், அப்படி ஒரு போன்தான் இருக்கிறதென்றால் கோலை விட்டுவிட்டுக் குழுவில் எழுதிக்கொள்ளுங்கள். இயர்போன் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வசனம் அடுத்த வீட்டில் எதிரொலிக்கும், அதோடு அம்மா குக்கர் விசிலும்.

டேட்டாவைப் பற்றி: நெட்ஃபிளிக்ஸ் சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை இழுக்கும். போன் திரைக்கு எச்டி எதற்கு? உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் படத்தை முதல் நாள் இரவே இறக்கி வையுங்கள்.

வெளிநாட்டுக்காரர் இருந்தால் நேரத்தைப் பார்த்து வையுங்கள். திருகோணமலையில் இரவு 8:30 என்றால் கோடையில் லண்டனில் மாலை 4:00, டொரன்டோவில் காலை 11:00. குளிர்காலத்தில் இரண்டிலும் ஒரு மணி குறையும். எங்கள் டொரன்டோக்காரன் காலைச் சாப்பாட்டோடு பேய்ப்படம் பார்த்தவன், நாங்கள் இங்கே விளக்கை அணைத்துவிட்டுக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தோம்.

இடைவேளையை விட்டுவிடாதீர்கள், பத்து நிமிடம் நிறுத்தி பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வாருங்கள், உண்மையில் கதை முழுக்க அப்போதுதான் நடக்கும். நடுவில் யாருக்காவது கரண்ட் போனால் மற்றவர்கள் உடனே நிறுத்தி, நின்ற நிமிடத்தைக் குழுவில் எழுதிப் போட்டுவிடுங்கள், 1:12:40 என்று வினாடியோடு.