விராலுக்கு எந்த நரம்பு, கட்லாவுக்கு எந்த நரம்பு?

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி நம்ம ஊர் வாய்க்கால்களுக்கு வந்து சேர்ந்ததும், புதிதாகத் தூண்டில் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: அஞ்சு கிலோ மீனுக்கு எத்தனை பவுண்டு நரம்பு போடணும்? நரம்பு என்றால் தூண்டில் இழை, பவுண்டு என்றால் அறுந்துபோகாமல் அது தாங்கும் எடை. மீனின் எடையை மட்டும் வைத்து நரம்பு வாங்கினால் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் போகும். தண்ணீருக்குள் மீனைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது, நரம்பை அறுப்பது அதன் ஓட்டமும் அது போய் நுழையும் இடமும்தான். திறந்த ஏரியில் எட்டு கிலோ கட்லாவை 15 பவுண்டு நரம்பில் பொறுமையாகக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதே நரம்பில் ஒன்றரைக் கிலோ விரால் மாட்டி, ஆகாயத்தாமரை வேருக்குள் ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் அவ்வளவுதான்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் தண்ணீரைப் போய்ப் பாருங்கள். கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறதா, மதகுச் சுவர் இருக்கிறதா, பாலத்தடியில் கல் கிடக்கிறதா, இல்லை மணல் தரையோடு திறந்து கிடக்கிற தண்ணீரா என்று பார்த்துவிட்டு, மீன் மாட்டியதும் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசியுங்கள். அந்த இடத்துக்கு முன்பே அதை நிறுத்த வேண்டுமா, ஓட விடலாமா? நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் நரம்பு, ராடு (தூண்டில் கோல்), முள் எல்லாமே கனமாக வேண்டும். ஓட விடலாம் என்றால் இவற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

விராலிலிருந்தே தொடங்குகிறேன், டெல்டாவில் அதிகம் பேர் அதைத் தேடித்தான் போகிறார்கள். அது இருப்பதே செடிக்குள். தவளை லூரை (தவளை வடிவப் போலி இரையை) இலைகளின் மேல் இழுத்துவரும்போது அடித்துவிட்டு நேராகக் கீழே போகப் பார்க்கும், அந்த இரண்டு மூன்று வினாடியில் அதன் தலையை மேலே திருப்பியாக வேண்டும். இதற்கு 40 அல்லது 50 பவுண்டு பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு, போடுங்கள், செடி ரொம்ப அடர்த்தி என்றால் 65 வரை போகலாம். இவ்வளவு கனம் எதற்கு என்று கேட்பார்கள். மீனோடு சேர்த்து நாலைந்து கிலோ செடியையும் இழுத்து வரப்போகிறீர்கள், அதற்குத்தான். பிரெய்டு நீளாது என்பதால் நீங்கள் சுண்டிய வேகம் அப்படியே முள்ளுக்குப் போய்ச் சேரும். விராலின் வாய் எலும்பு போலக் கெட்டி, நைலான் போட்டால் பாதி விசை அது நீள்வதிலேயே போய்விடும். ராடு ஏழு அடி, கனமான வகை, நுனி மட்டும் வளைவதாக இருக்கட்டும். அடித்த சத்தம் கேட்ட உடனே சுண்டாதீர்கள். ஒரு நொடி விட்டு, நரம்பில் கனம் தெரிந்ததும் சுண்டுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். செந்நிறமாகக் கொத்துக் கொத்தாகக் குஞ்சுகள் மேலே வந்து வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகிற இடத்தில் தாய் தகப்பன் விரால் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும். அங்கே போடாதீர்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

கட்லா, ரோகு விஷயமே வேறு. கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், தாடையில் பல் கிடையாது, உதடு மெத்தென்று இருக்கும். விராலுக்குப் போட்ட பிரெய்டையும் கனமான ராடையும் அப்படியே கொண்டுபோனால் முதல் இழுப்பிலேயே உதடு கிழிந்து மீன் போய்விடும். இங்கே நைலான்தான் நல்லது. நீளும் குணம் இருப்பதால் மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். 0.35 மில்லிமீட்டர் தடிமன், நடுத்தரமான எட்டு ஒன்பது அடி ராடு, 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் (நரம்பு சுற்றும் கருவி) போதும். முள் மெல்லிய கம்பியில் செய்ததாக இருக்க வேண்டாம். பெரிய கட்லா இழுத்து நிமிர்த்திவிட்டுப் போன முட்களை நிறையப் பேர் பெட்டியில் வைத்திருப்பார்கள்.

அட்டையில் போட்டிருக்கும் பவுண்டுக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். தடிமனைப் பாருங்கள். 0.30 மில்லிமீட்டர் சாதா நைலான் சுமார் 10 முதல் 14 பவுண்டு தாங்கும். அதே தடிமனுக்கு 40 பவுண்டு என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தை நம்பி மீன் பிடிக்க முடியாது.

இப்போது டிராக், அதாவது எவ்வளவு இழுத்தால் ரீல் நரம்பை விடும் என்று திருகால் வைக்கும் இறுக்கம். நல்ல நரம்பு அறுந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கு டிராக்கை வையுங்கள், அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு. 20 பவுண்டு என்றால் 9 கிலோ, அதில் கால் பங்கு இரண்டேகால் கிலோ. கையால் இழுத்துப் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது. பெட்டி எடை பார்க்கிற சின்னக் கொக்கித் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். நரம்பை ராடின் வளையங்கள் எல்லாவற்றிலும் கோத்து, நுனியைத் தராசில் கட்டி, அதை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் ராடைச் சரிவாகத் தூக்கி மெதுவாகப் பின்னால் போங்கள். ரீல் நரம்பை விடத் தொடங்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்று பார்த்துத் திருகைத் திருப்புங்கள். வளையங்களில் உரசுவதால் கூடும் இழுவையும் இதில் சேர்ந்துவிடும்.

கால் பங்கு ஏன்? முடிச்சு போட்ட இடத்தில் நரம்பின் பலம் குறையும், மோசமான முடிச்சு பாதியாக்கிவிடும். அப்புறம் மீன் ஓட ஓட ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில்) நரம்பு குறைந்து சுற்று சிறிதாகும், அதே திருகில் இழுவை கூடிக்கொண்டே போகும். சுற்றின் விட்டம் பாதியானால் இழுவை இரண்டு மடங்கு. மீன் தூரம் போய்விட்டதே என்ற பதற்றத்தில் அந்த நேரத்தில்தான் எல்லோரும் டிராக்கை இறுக்குகிறார்கள். இறுக்காதீர்கள், முடிந்தால் ஒரு துளி தளர்த்துங்கள். விரால் மட்டும் விதிவிலக்கு. அங்கே நாலைந்து கிலோ வரை இறுக்கி வைக்கலாம், 50 பவுண்டு பிரெய்டுக்கு அதுவும் ஏறக்குறைய கால் பங்குக்குள்தான் வரும்.

லீடர், அதாவது நரம்பின் நுனியில் சேர்த்துக் கட்டும் தடிமனான துண்டு, எதற்கு என்று எனக்குப் புரிந்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மதகடியில். 30 பவுண்டு பிரெய்டில் ஏதோ பெரியது மாட்டியது, டிராக் சரியாக விட்டுக்கொண்டிருந்தது, மீன் சுவரை ஒட்டியே பத்தடி ஓடியது, சட்டென்று கை லேசானது. சுற்றி எடுத்துப் பார்த்தால் நுனி பஞ்சுத் திரி மாதிரி பிரிந்து கிடந்தது. பிரெய்டு இழுவையைத் தாங்கும், சிமென்ட் விளிம்பில் உரசலைத் தாங்காது. அன்றிலிருந்து கல், மதகு, பாலம் என்றாலே பிரெய்டின் நுனியில் மூன்றடி தடிமனான நைலான் சேர்த்துக் கட்டாமல் நான் போடுவதில்லை. இரண்டையும் இரட்டை யூனி முடிச்சில் இணைக்கலாம், முள்ளுக்குப் பாலோமர் முடிச்சு. எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள், காய்ந்தபடி இழுத்தால் உரசும் சூட்டிலேயே நைலான் கெட்டுவிடும்.

கொள்ளிடத்து மடுக்களில் வாளைக்குப் போகிறவர்களுக்கு 60 பவுண்டு லீடராவது வேண்டும். அதன் வாய் முழுக்க ஊசி ஊசியாகப் பல், மெல்லிய நரம்பை அராவியே அறுத்துவிடும். வாளை இப்போது அருகி வரும் மீன், 2019-இல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்த்திருக்கிறார்கள். பிடித்தால் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முகத்துவாரப் பக்கம் பழையாறு வரை போனால் கொடுவா. அதன் செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி, அதற்கு 40 பவுண்டு லீடர் இரண்டடி.

எல்லாவற்றையும் கனமாக்கிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். ராடின் அடியில் 8–15 பவுண்டு என்று எழுதியிருக்க, 50 பவுண்டு பிரெய்டை அதில் சுற்றி இறுக்கினால் அடுத்து உடையப்போவது ராடு. முள்ளோடு கட்டிய துண்டுதான் எப்போதும் மற்றதைவிடக் கொஞ்சம் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் செடியில் சிக்கி அறுந்தாலும் முள்ளருகில் அறும், இருபது மீட்டர் நரம்பை வாயில் இழுத்துக்கொண்டு மீன் அலையாது. சிக்கிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்காதீர்கள், கையில் சுற்றி இழுக்கவே இழுக்காதீர்கள், பிரெய்டு விரலை அறுத்துவிடும். ஒரு குச்சியில் நாலு சுற்று சுற்றி நேராக இழுங்கள்.

ரொம்ப மெல்லிய நரம்பிலும் கெடுதல் உண்டு. சித்திரை வெயிலில் வற்றிய குளத்துத் தண்ணீர் சூடாகி அதில் பிராணவாயு குறைந்திருக்கும். அரை மணி நேரம் இழுபறி பண்ணிக் களைத்துப்போன மீனை விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அந்த மாதங்களில் ஒரு படி கனமான நரம்பு போட்டுச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

குளம் யார் குத்தகையில் இருக்கிறது என்று கேட்டு, அனுமதி வாங்கிய பிறகே போடுங்கள். ஷட்டருக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டாம், தண்ணீர் எப்போது கூடும் என்று நமக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கிளம்பும் முன் நரம்பின் முதல் இரண்டு மீட்டரை விரல் நகத்துக்கும் விரலுக்கும் நடுவே உருவிப் பாருங்கள், சொரசொரப்புத் தட்டினால் அதுவரை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். வெட்டிய துண்டைக் கரையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலில் நைலான் சுற்றிய கொக்கு ஒன்றை வடவாற்றங்கரையில் பார்த்திருக்கிறேன், பிடித்து அவிழ்ப்பதற்குள் பறந்துவிட்டது.