அண்டார்டிகா கப்பலுக்குப் பெட்டி கட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அண்டார்டிகா என்றதும் எல்லோர் மனதிலும் மைனஸ் நாற்பதுதான் ஓடுகிறது. ஆனால் சுற்றுலாக் கப்பல்கள் போகும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள் அங்கே கோடையை ஒட்டிய காலம். அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கிளம்பும் கப்பல்கள் தொடுகிற தீபகற்பக் கரையில் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். லடாக்கின் ஜனவரி இதைவிடக் கடுமை. ஆளைப் பதம் பார்ப்பது ஈரமும் காற்றும்தான். இது தெரியாமல் கடைக்குப் போகிறவர்கள், இருப்பதிலேயே தடித்த ஜாக்கெட்டை வாங்கிவிட்டுக் காலுக்கு ஜீன்ஸை எடுத்து வைக்கிறார்கள்.

ஜாக்கெட்டுக்குக் காசை இறைக்கும் முன் கப்பல் நிறுவனத்திடம் கேளுங்கள். பல நிறுவனங்கள் அதை இலவசமாகவே தருகின்றன. உங்கள் பணம் போக வேண்டிய இடம் வாட்டர்ப்ரூஃப் பேன்ட். கரைக்குப் போவது ஸோடியாக் என்கிற ரப்பர் படகில். காற்றடைத்த அதன் ஓரத்தின்மேல்தான் உட்கார வேண்டும், அது எப்போதும் ஈரம். அலை தெறித்தால் நேராக மடிக்கு வரும். படித்துறை ஏதும் கிடையாது, தண்ணீரில் இறங்கித்தான் கரையேற வேண்டும். பேன்ட்டின் கால் பகுதி ரப்பர் பூட்ஸுக்கு வெளியே இறங்கும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். பூட்ஸுக்குள் செருகினால் தண்ணீர் வழிந்து உள்ளே போய்விடும். பூட்ஸைப் பெரும்பாலான கப்பல்களில் இரவலாகக் கொடுப்பார்கள். குளிருக்குப் பயந்து அதற்குள் இரண்டு ஜோடி தடித்த சாக்ஸைத் திணிக்காதீர்கள். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் விறைக்கும்.

அப்புறம், பருத்தி. நமக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் பனியில் மேடேறும்போது பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் அப்படியே இருக்கும். ஏறி நின்றதும் உடம்பு சில்லிடும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற பஞ்சுபோன்ற செயற்கை இழை மேலாடை, எல்லாவற்றுக்கும் மேலே நீரும் காற்றும் புகாத ஜாக்கெட். இது போதும். கையுறையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மெல்லியது ஒன்று, அதன்மேல் போட நீர்புகாதது ஒன்று, நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி. ஒரே ஒரு தடித்த கையுறையோடு போனால், ஒவ்வொரு புகைப்படத்துக்கும் அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பலர் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. கரையிறங்கும் முன் உங்கள் உடை, பை எல்லாவற்றையும் கப்பல் ஊழியர்கள் சோதிப்பார்கள். வெல்க்ரோவில் ஒட்டிய புல்விதையைக்கூட விடமாட்டார்கள். வெளியிலிருந்து வந்த போவா அன்னுவா என்ற புல் அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கெனவே வேர்பிடித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கெடுபிடி. பழைய மலையேற்றப் பையைத் துவைக்காமல் கொண்டுபோனால், கப்பலில் உட்கார்ந்து ஊசியால் விதை பொறுக்க வேண்டியதுதான். பறவைக் காய்ச்சல் அந்தப் பக்கம் பரவிய பிறகு, கரையில் உட்காரவோ பையைத் தரையில் வைக்கவோ கூடாது என்றும் சொல்கிறார்கள். ஆகவே தோளில் மாட்டியபடியே திறக்க முடிகிற சின்ன வாட்டர்ப்ரூஃப் பையாகப் பாருங்கள். முறுக்கு, கடலை எதுவும் கரைக்கு வரக்கூடாது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட அனுமதி கிடைக்காது.

தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே அலை கொந்தளிக்கும் டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். வாந்தி தொடங்கிய பிறகு மாத்திரையைத் தேடுவது வீண், முன்கூட்டியே போட்டால்தான் வேலை செய்யும். கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ இருந்தால் சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாது. ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அந்த மருந்து, ஒரு செட் தெர்மல், வாட்டர்ப்ரூஃப் பேன்ட், கண்ணாடி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சென்னையிலிருந்து உஷுவாயா போக விமானம் மேல் விமானம் மாற வேண்டும், புவனோஸ் ஐரஸில் பல நேரம் விமான நிலையத்தையே மாற்ற வேண்டும். பெட்டி எங்கேயாவது தங்கிவிட்டால் கப்பல் அதற்காக நிற்காது.

வெயிலை மறந்துவிடாதீர்கள். பனி புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிப்பதால் மூக்கின் அடிப்பக்கம்கூடக் கருகும். சன்ஸ்கிரீனும் நல்ல கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம். குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் தீரும். கூடுதல் பேட்டரியை உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள். அறைக்குத் திரும்பும் முன் கேமராவை ஜிப்லாக் கவரில் போட்டு மூடினால் லென்ஸில் நீர் கோக்காது.

கோட்டு சூட்டு, பட்டுப்புடவை எல்லாம் வேண்டாம். கப்பலுக்குள் கதகதப்பாக இருக்கும், டி-ஷர்ட் போதும். ஆனால் நீச்சலுடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் கயிறு கட்டி அந்த உறைகுளிர் கடலில் குதிக்கவிடும் நாள் ஒன்று பெரும்பாலான பயணங்களில் உண்டு. நானாவது, குதிப்பதாவது என்று சிரிப்பவர்கள்தான் அன்றைக்குக் கடன் உடை தேடி அலைவார்கள்.