உதடு ஒன்று, வேலை இரண்டு: கச்சேரியும் வகுப்புமாகக் குழலை நம்பி வாழ வருகிறவர்களுக்கு

முதலில் உங்கள் உதட்டுக்கு ஒரு கால அட்டவணை போடுங்கள். வானொலித் தரம், சபா செயலாளர், விசா, மாணவர் கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகு. வயலின்காரர் பகல் முழுவதும் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் மேடை ஏறலாம். தோள் வலிக்கும், அவ்வளவுதான். குழல்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. வகுப்பில் செலவாகும் மூச்சும் உதடும்தான் கச்சேரிக்கும் வேண்டும். பிற்பகல் முழுக்கக் குழந்தைகளுக்கு ஜண்டை வரிசை என்னும் ஆரம்பப் பயிற்சியை ஊதிக் காட்டியவர் மாலையில் தார ஸ்தாயி சட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், நிற்க முயலும்போது, வெறும் காற்றுச் சத்தம்தான் கூடுதலாகக் கேட்கும். முதல் வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் மாமாவுக்கே அது தெரிந்துவிடும்.

நான் கும்பகோணத்துக்காரி. இப்போது மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் பாடம் நடத்துகிறேன். வருடத்தில் பாதி நாள் பை தூக்கிக்கொண்டு வெளியூரில் இருக்கிறேன். "கச்சேரியா, வகுப்பா, ஏதாவது ஒன்றை முடிவு செய்" என்று எனக்கும் அறிவுரை சொன்னார்கள். கர்நாடக இசையில் பெரிய குழல் வித்வான்கள் பலர் அப்படி முடிவு செய்துகொள்ளவில்லை. 2015-இல் மறைந்த என்.ரமணி, 1996-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். உலகம் சுற்றி வாசித்துக்கொண்டே சென்னையில் குழலுக்கென்று ஒரு பள்ளியும் நடத்தினார். வீணை தனம்மாளின் பேரரான குழல் வித்வான் டி.விஸ்வநாதன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்துக்கொண்டே கச்சேரியும் செய்தார். வாசிப்பதில் தோற்றவர்தான் வாத்தியார் ஆவார் என்கிற பேச்சை இவர்களைப் பார்த்த பிறகும் நம்புகிறவர்களோடு வாதம் செய்ய வேண்டாம்.

இனி உதட்டுக் கணக்குக்கு வருவோம். வகுப்பில் பாடுங்கள், ஊதாதீர்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப மாணவருக்கு நாதம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒன்றிரண்டு முறை ஊத வேண்டியிருக்கும். உதட்டை எங்கே வைப்பது, குழலை எவ்வளவு உருட்டுவது என்பதெல்லாம் பார்த்தால்தான் வரும். அதைத் தாண்டி வர்ணம், கீர்த்தனை என்று வந்துவிட்டால், நீங்கள் பாடுவதும் அவர் வாசிப்பதும்தான் முறை. உதட்டை மிச்சம் பிடிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் குழல் வாய்ப்பாட்டைப் பின்தொடர்கிற வாத்தியம். மாலி என்ற டி.ஆர்.மகாலிங்கம் வந்து கமகங்களை, அதாவது ஸ்வரங்களின் அசைவுகளை, குழலில் குரல் போலவே இழைத்துக் காட்டிய பிறகு, ஸ்வரங்களை ஒவ்வொன்றாக, நாக்கால் தட்டும் துத்துகாரத்தில் கொத்திக் கொத்தி வாசிப்பதை ரசிகர்கள் ஏற்பதில்லை. நீங்கள் ஊத, மாணவர் கேட்டு ஊதினால் உங்கள் விரலைத்தான் நகல் எடுப்பார். நீங்கள் பாடினால், தோடியின் காந்தாரம் எவ்வளவு அசைய வேண்டும், அரைத்துளையை எவ்வளவு மூட வேண்டும் என்று அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அந்தத் தேடலுக்கு நேரம் பிடிக்கும். பெற்றோர் "இன்னும் ஒரு கீர்த்தனைகூட முடியவில்லையே" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உங்களுக்குக் குரல் சுமார் என்றால் கவலையில்லை. சுருதி சேர்ந்தால் போதும்.

காலையில் முதல் ஊதல் உங்களுடையதாக இருக்கட்டும். மாணவர் வருவதற்கு முன் மந்திர ஸ்தாயியில் நீண்ட ஸ்வரங்கள், பிறகு 'ஆ' என்று பாடிப் பழகும் அகார சாதகம் போல இழுத்து வாசிப்பது, கடைசியில் வேகம். கேட்க எளிது. ஆனால் வெளிநாட்டு மாணவர்கள் வந்த பிறகு இந்தக் காலை நேரம்தான் முதலில் பறிபோகிறது. நமக்குக் காலை ஆறரை என்பது நியூயார்க்கில் கோடையில் முந்தைய நாள் இரவு ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. கலிபோர்னியாவில் மாலை ஆறு அல்லது ஐந்து. பள்ளிக் குழந்தைகளுக்கு அதைவிட வசதியான நேரம் இல்லை; அதனால் எல்லோரும் அதையே கேட்பார்கள். வாரத்தில் எல்லா நாளும் கொடுத்துவிடாதீர்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது, நேரம் இந்தியக் கணக்கில் நிற்குமா, அவர்கள் கணக்கில் நிற்குமா என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த இரு வாரங்களிலும் வாட்ஸாப்பில் மன்னிப்புக் கேட்டே பொழுது போகும்.

இணைய வகுப்பில் ஒரு தொழில்நுட்பத் தொல்லை குழலுக்கென்றே வரும். ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக் குரலுக்காக அமைக்கப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் குழல் நாதத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். மாணவர் பஞ்சமத்தில் நிற்பார்; உங்களுக்கு அது தேய்ந்து மறையும்; "மூச்சு போதவில்லை" என்று நீங்கள் திருத்துவீர்கள். ஜூமில் அசல் ஒலியை அப்படியே அனுப்புவதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது. இரு பக்கமும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்கக் கூடாது. ஊதுதுளையைத் தாண்டி வழிகிற காற்று அதில் மோதிப் புயலடிக்கும். சற்றுத் தள்ளி, விரல்கள் இருக்கும் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். கேமரா அவருடைய உதட்டையும் கடைசி விரலையும் ஒரே சட்டத்தில் காட்ட வேண்டும். சேர்ந்து வாசிப்பது மட்டும் நடக்காது; ஒலி போய்ச் சேரும் தாமதத்தில் தாளம் கவிழ்ந்துவிடும். நீங்கள் ஒரு சங்கதி (வரியின் ஒரு மாற்று வடிவம்) பாடி நிறுத்துங்கள், அவர் திருப்பி வாசிக்கட்டும். குழலைப் பிடித்த கையால் தாளம் போட முடியாததால், காலால் போடப் பழக்குங்கள்.

வருமானத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுவோம். குழல் தனிக் கச்சேரியை மட்டும் நம்பிச் சென்னையில் வாடகை கட்டுவது மிகச் சிலருக்கே வாய்க்கும். சபாக்களின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள்: வாய்ப்பாட்டுதான் நிறைய. வாத்தியக் கச்சேரி குறைவு; அந்தக் குறைவையும் வயலின், வீணை, மாண்டலின், சாக்சபோன் எல்லாவற்றோடும் பங்கு போட வேண்டும். டிசம்பரில் கிடைக்கும் மதிய நேரக் கச்சேரியின் சன்மானம் பல சமயம் பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடப் போதாது. அப்போதும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் உரியதை உங்கள் கையிலிருந்து போட்டாவது அன்றே கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு நீங்கள் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பது அதைப் பொறுத்துத்தான்.

சோறு போடுவது நாட்டியம். பரதநாட்டியக் குழுவில் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கத்துக்கு அடுத்தபடியாகக் குழலுக்கு நிலையான இடம் உண்டு. கண்ணன் வருகிற பதமென்றால் குழல் இல்லாமல் முடியவே முடியாது. அரங்கேற்றக் காலம் வந்தால் ஒத்திகையும் சேர்த்து நல்ல வேலை. இதைத் தாழ்வாகப் பேசும் சக வித்வான்கள் இருப்பார்கள். அவர்கள் ஒருமுறை, தாளமில்லாமல் பாடும் விருத்தத்துக்குக் குழல் வாசித்துப் பார்க்கட்டும். பாடகி நிறுத்தும் இடத்தில், ஆடுபவரின் கண் திரும்பும் திசையைப் பார்த்து, இரண்டு மூச்சில் ஒரு ராகத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். தனிக் கச்சேரியில் ஆலாபனையை நீட்டி முழக்குகிறவர்களுக்கு அந்தச் சுருக்கம் வராது. கணக்குப் போட வேண்டியது ஒத்திகைக்குத்தான்: எத்தனை ஒத்திகை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று முன்பே பேசுங்கள். "நம்ம குழந்தைதானே" என்று தொடங்கும் உரையாடல் பெரும்பாலும் இலவச ஒத்திகையில் முடிகிறது.

கல்யாண வரவேற்பு பணம் தரும், காதைக் கெடுக்கும். போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

அகில இந்திய வானொலியின் தரத்தைக் கட்டாயம் வாங்குங்கள். பி, பி-ஹை, ஏ, டாப் என்று போகும் அந்த ஏணியில் ஒலிபரப்புக்குக் கிடைக்கும் தொகையைவிட, விண்ணப்பங்களில் அது செய்யும் வேலை பெரிது. கல்லூரி வேலைக்கு 2018 யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளைப் படித்துப் பாருங்கள்: நெட் என்னும் தகுதித் தேர்வு எழுதாதவருக்கும், இளநிலைப் பட்டமும் வானொலி 'ஏ' தரமும் உள்ள கலைஞராக இருந்தால், வேறு சில நிபந்தனைகளோடு உதவிப் பேராசிரியராகும் வழி அதில் இருக்கிறது. ஆனால் குழலுக்கான பணியிடம் எண்ணிக்கையில் குறைவு. சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உண்டு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலோ குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்றுதான் துறைகள் பிரிந்திருக்கின்றன, குழலைக் காணோம். ஊருக்கு ஊர் கண்ணன் சிலை குழலோடு நிற்கிற நாட்டில் இது எப்படி நடந்தது என்று எனக்கு ஒரு தீராத எரிச்சல். உங்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு: மாவட்டத் தலைநகரங்களில் குழல் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லை. மாதம் இரு சனி ஞாயிறு போய்வந்தால் வகுப்பு நிறையும்.

குழல்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கச்சேரி மட்டும் செய்கிறவர் இரண்டு மூன்று சுருதியில் காலம் தள்ளலாம். நாட்டியத்துக்கு வாசித்து, பாடமும் நடத்துகிறவருக்குக் சுருதியின் அளவான கட்டைக்குக் கட்டை, அரைக்கட்டைக்கு அரைக்கட்டை தனித்தனிக் குழல் வேண்டும். பாடகி ஐந்தரை என்பார். அன்று தொண்டை கட்டினால் ஐந்து என்பார். சிறு பிள்ளைகளுக்கு உயர்ந்த சுருதியில் குட்டைக் குழல் கொடுங்கள். துளைகள் நெருங்கியிருப்பதால் விரல் எட்டும். தொடக்க வாரங்களில் தலை சுற்றும், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

குளிரூட்டிய அரங்கம் நம் விரோதி. காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், குழலின் சுருதி இறங்கும். வயலினுக்குப் பிரடை உண்டு, தம்புராப் பெட்டிக்குத் திருகு உண்டு. மூங்கிலைத் திருக முடியாது. அதனால் மேடையில் இப்படிச் செய்யுங்கள். அறையிலேயே குழலை ஊதிச் சூடாக்கி, துண்டில் சுற்றி எடுத்து வாருங்கள். மேடையில் உட்கார்ந்ததும் மறுபடி சற்று நேரம் ஊதி, சுருதி நிலைத்த பிறகே தம்புராவை அதற்கு ஒட்ட வையுங்கள். மிருதங்கத்தைக் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் முதலில் சேர்த்துவிட்டால், பிறகு கல்லால் தட்டித் தட்டி இறக்க வேண்டியிருக்கும். அவர் முகமும் இறங்கும். ஆபத்து தனி ஆவர்த்தனத்தில் காத்திருக்கிறது. மிருதங்கமும் கடமும் முழங்கும் நேரம் முழுவதும் குழல் மடியில் கிடந்து குளிர்ந்துவிடும். கோர்வை முடிந்து பல்லவியை எடுக்கும்போது முதல் ஸ்வரமே தொங்கும். துண்டுக்குள் வைத்திருங்கள். தாளம் போடுவது ஒரு கையில் இருக்கட்டும். முடிவு நெருங்கும்போது, ஓசை வராதபடி குழலுக்குள் மெல்ல மூச்சை விட்டுக்கொண்டிருங்கள்.

பணப் பேச்சில் இன்னும் இரண்டு. பாரம்பரிய இசை நிகழ்ச்சிக்குக் கலைஞர் பெறும் தொகை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு; சபா கணக்காளருக்குச் சில சமயம் நீங்கள்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகப் பிடித்தம் செய்யப்பட்ட வருமான வரியைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். "சின்னத் தொகைதானே" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அமெரிக்காவுக்கு அரங்கேற்றம் வாசிக்கப் போவதென்றால், தனித்த பண்பாட்டு நிகழ்ச்சி செய்ய வரும் கலைஞர்களுக்கென்று உள்ள பி-3 விசாவில் போங்கள். "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்று அழைப்பவர், விமான நிலையத்தில் உங்களோடு நிற்கப் போவதில்லை.

நீங்கள் பயணத்தில் இருக்கும் வாரங்களில் வகுப்பை மூடாதீர்கள். மூத்த மாணவர் ஒருவரிடம் ஆரம்ப மாணவர்களை ஒப்படையுங்கள். அந்த வாரங்களின் கட்டணம் முழுவதும் அவருக்கே. அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று முன்கூட்டியே ஒன்றிரண்டு வகுப்பு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஊதிக் காட்டத் தொடங்கினால் தடுத்துப் பாடச் சொல்லுங்கள். பிறகு உங்களால் போக முடியாத தேதிக்குச் சபாவிலிருந்து அழைப்பு வரும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள். பக்கவாத்தியத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் அதே தொலைபேசியில் பேசி முடித்துவிடுங்கள்.